ஆர்செனிக் மருந்தான வழி

1957ஆம் ஆண்டில் நார்வே மருத்துவர் லைஃப் ஹில்லெஸ்டாட் மூன்று நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மூவருக்கும் ரத்தப் புற்றுநோய். மூவருக்கும் நிற்காத ரத்தக்கசிவு. நோய் தெரிந்த சில வாரங்களுக்குள் மூவரும் இறந்துபோனார்கள். அக்யூட் லுக்கேமியா வகைகளிலேயே மிகக் கொடியது இது என்று அவர் அதில் குறித்தார். அந்த நோயை இன்று அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்கிறார்கள். வார்டில் சுருக்கமாக ஏபிஎல். என் தம்பிக்கு வந்தது அதுதான். கீமோதெரபி ஒரு வேளைகூட ஏற்றப்படாமல் குணமாகி, இப்போது வேலைக்குப் போய் வருகிறான்.

அவனுக்குக் கொடுக்கப்பட்ட முக்கிய மருந்துகள் இரண்டே இரண்டு. ஒன்று, எல்லோரும் ஆட்ரா என்று சொல்லும் மாத்திரை. வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலம். மற்றொன்று ஆர்செனிக் டிரையாக்சைடு, நரம்பு வழியாக ஏறுகிற ட்ரிப். ஆர்செனிக் என்று மருத்துவர் சொன்னதும் எங்கள் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். வெள்ளைப் பாஷாணம் என்று அவருக்குத் தெரிந்த பொருள் அது. அவருடைய இளமையில் ஊரில் யாரோ அதைத் தின்று இறந்திருக்கிறார்கள். அதைப் பெற்ற மகனின் கையில் ஏற்றப்போகிறார்கள் என்றால் எந்தத் தகப்பனுக்கும் அப்படித்தான் இருக்கும். எதை நம்பி ஒரு மருத்துவர் இதைச் செய்கிறார் என்று அன்று எனக்குள் எழுந்த கேள்விதான் என்னை ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க வைத்தது. நான் மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனாலும் ஒரு ஆய்வு என்ன கேட்டது, யாரிடம் கேட்டது, யாரை விட்டுவிட்டது என்ற மூன்றையும் பொறுமையாகப் பார்த்தால், மருத்துவம் படிக்காதவர்களுக்கும் அந்தக் கட்டுரைகள் பெருமளவு விளங்கும் என்பதைக் கண்டுகொண்டேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். எலும்பு மஜ்ஜையில் வெள்ளை அணுக்கள் படிப்படியாக முதிர்ந்து ரத்தத்துக்கு வருகின்றன. ஏபிஎல் நோயில் புரோமைலோசைட் என்ற இளம் பருவத்திலேயே அவை முதிராமல் நின்று, பெருகிக்கொண்டே போகின்றன. காரணம் 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்வது. சிகாகோவில் ஜேனட் ரவுலியின் குழு இதை 1977இல் தெளிவாக்கியது. அந்த ஒட்டில் பிறக்கும் கலப்புப் புரதத்தின் ஒரு பாதி, வைட்டமின் ஏ-யின் அமில வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்பது 1990ஐ ஒட்டித்தான் தெரியவந்தது. அதற்குள் அந்த அமிலமே மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மருந்து முதலில் வந்தது. அது ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் பின்னால் வந்தது. அறிவியல் எப்போதும் விளக்கத்திலிருந்து மருந்துக்குப் போகும் என்று பள்ளியில் நமக்குள் பதிந்துபோன வரிசை இங்கே தலைகீழாக இருக்கிறது.

ஷாங்காயின் ருய்ஜின் மருத்துவமனையில் பணியாற்றிய வாங் ஷென்-யி, புற்றணுக்களைக் கொல்வதற்குப் பதிலாக அவற்றை முதிரவைக்க முடியுமா என்று தேடிக்கொண்டிருந்தார். 1985இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, கீமோதெரபி கைவிட்ட நிலையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். அவளைக் கவனித்துவந்தவர் வாங்கின் மனைவி. அவர் குழந்தை மருத்துவர். வாங் பரிந்துரைத்தபடி அந்தச் சிறுமிக்கு ஆட்ரா கொடுக்கப்பட்டது, அவள் பிழைத்தாள். ஒரு குழந்தை பிழைத்ததை வைத்து உலகத்துக்கு மருந்து சொல்ல முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். 1988இல் அவருடைய குழு வெளியிட்ட கட்டுரையில் 24 நோயாளிகள் இருந்தார்கள். 23 பேர் ஆட்ரா மட்டுமே எடுத்துக்கொண்டு முழுத் தணிவு நிலைக்கு வந்தார்கள். மீதமிருந்த ஒருவருக்குச் சிறிய அளவில் கீமோ சேர்க்க வேண்டியிருந்தது. தணிவு என்பது குணம் அல்ல, மஜ்ஜையில் நோய் கண்ணுக்குத் தெரியாத நிலை மட்டுமே. ஆட்ராவை மட்டும் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பியது. ஆகவே அதனோடு கீமோதெரபியையும் சேர்த்துக் கொடுக்கும் முறை உலகெங்கும் நிலைபெற்றது.

ஆர்செனிக்கின் கதை இன்னும் விசித்திரமானது. 1970களின் தொடக்கத்தில், சீனாவின் வடகிழக்கு மூலையில் உள்ள ஹார்பின் நகரத்து மருத்துவர்கள், கிராமப்புறத்தில் ஒரு நாட்டு வைத்தியர் புற்றுக்கட்டிகளுக்குத் தரும் கலவையைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். அதில் ஆர்செனிக், பாதரச உப்பு, தேரையின் நஞ்சு ஆகிய மூன்றும் இருந்தன. ஹான் தாய்யுன் என்ற மருந்தாளுநர் அதை ஊசியாகத் தயாரித்தார். மருத்துவர் ஜாங் திங்தோங் அதைப் பல வகை ரத்தப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு பொருளாக நீக்கிப் பார்த்தபோது, வேலையைச் செய்வது ஆர்செனிக் என்பதும், ஏபிஎல் நோயாளிகளுக்குத்தான் அது மிக நன்றாகப் பலிக்கிறது என்பதும் தெரிந்தன. 1992இல் அந்தக் குழு 32 ஏபிஎல் நோயாளிகளைப் பற்றி எழுதியது; 21 பேருக்கு முழுத் தணிவு கிடைத்திருந்தது. கட்டுரை சீன மொழியில் வந்தது. வெளியே அதைப் படித்தவர்கள் மிகச் சிலர்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையை நான் சொல்லத் தொடங்கினாலே, நம் சித்தர்கள் பாஷாணங்களை அன்றே மருந்தாக்கிவிட்டார்கள், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று யாராவது கேட்கிறார்கள். நம் மரபு பாஷாணங்களைச் சுத்தி செய்து ஆண்டது உண்மை. ஐரோப்பாவிலும் ஃபவுலர் கரைசல் என்ற ஆர்செனிக் மருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து புழக்கத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ரத்தப் புற்றுநோய்க்குக்கூட அதைக் கொடுத்தார்கள். ஆனால் பாதரசத்தையும் தேரை நஞ்சையும் பிரித்தெடுத்து, உடல் எடைக்கு ஏற்ற அளவை நிர்ணயித்து, எந்த நோயாளிக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று எண்ணி எழுதிய பிறகே அது ஒரு அந்நியனின் கையில் துணிந்து ஏற்றக்கூடிய பொருளாயிற்று. இந்த நோயில் பாஷாண மருந்தை வீட்டில் தேடிப் போகிறவர்கள், சிகிச்சை இருக்கும் நோயிலேயே உயிரை இழக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அதைப் பரப்புகிறவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு.

ஹார்பினின் முடிவுகளை ஷாங்காய் குழு எடுத்துக்கொண்டு, ஆட்ராவுக்குப் பிறகு நோய் திரும்பியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. 1997இல் வெளியான அந்தக் கட்டுரையில் 15 நோயாளிகளில் 14 பேர் மீண்டும் தணிவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே வெளியான கட்டுரையின்படி, நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 12 பேருக்குக் கொடுக்கப்பட்டது. 11 பேர் தணிவுக்கு வந்தார்கள். 12 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆனால் அவர்கள் பல சிகிச்சைகளைத் தாண்டி வந்து, வேறு வழி இல்லாமல் நின்றவர்கள். அவர்களில் 11 பேர் என்பது தற்செயலாக நடக்கக்கூடியது அல்ல. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ இந்த மருந்துக்கு அனுமதி வழங்கியது. நோய் திரும்பியவர்களுக்கும், முதல் சிகிச்சை பலிக்காதவர்களுக்கும் மட்டும்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் ஆய்வு என்னை மிகவும் ஈர்த்ததற்குக் காரணம், அது வேறு ஒரு கேள்வியைக் கேட்டது. மேற்கு நாடுகள் ஆர்செனிக்கை இரண்டாவது அடியாக வைத்திருந்த காலத்தில், நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவருக்கே, முதல் மருந்தாகவே, ஆர்செனிக்கை மட்டும் கொடுத்தால் என்ன என்று வேலூர் குழு கேட்டது. இந்தக் கேள்வி அறிவியல் ஆர்வத்தில் மட்டும் பிறந்தது அல்ல. ஆட்ராவும் கீமோவும் சேர்ந்த சிகிச்சையின் செலவையும், கீமோவால் வெள்ளை அணுக்கள் விழுந்த பிறகு வரும் காய்ச்சல்கள், ஆன்டிபயாடிக், ரத்தம், தட்டணுக்கள் ஆகியவற்றின் செலவையும் இந்தியாவில் பெரும்பாலான குடும்பங்களால் தாங்க முடியவில்லை. சிகிச்சை இருந்தும் அதை வாங்க முடியாமல் வீட்டுக்குத் திரும்பியவர்களை அந்த மருத்துவர்கள் நாள்தோறும் பார்த்தார்கள். ஆர்செனிக்கோ இங்கேயே குறைந்த செலவில் தயாரிக்கக்கூடியதாக இருந்தது.

1998 ஜனவரி முதல் 2004 டிசம்பர் வரை 72 பேர் அந்தச் சிகிச்சையைப் பெற்றார்கள். பெரியவர்களுக்கு நாளுக்கு 10 மில்லிகிராம், தணிவு வரும்வரை. நான்கு வார இடைவெளி. மீண்டும் நான்கு வார மருந்து. அதன் பின் ஆறு மாதங்களுக்கு, மாதம் பத்து நாள். தணிவுக்குப் பிந்தைய மருந்தைப் பெரும்பாலானவர்கள் வெளிநோயாளியாகவே வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். விக்ரம் மேத்யூஸும் அவருடைய சகாக்களும் 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள்: 86 சதவீதம் பேருக்கு முழுத் தணிவு. மூன்றாண்டுகளில் உயிருடன் இருப்போர் பற்றிய மதிப்பீடும் 86 சதவீதம். 2010இல் வந்த தொடர் கட்டுரையில், ஐந்தாண்டு மதிப்பீடு 74 சதவீதமாக இருந்தது. நோய் தெரியும்போது வெள்ளை அணுக்கள் 5,000க்குக் கீழேயும், தட்டணுக்கள் 20,000க்கு மேலேயும் இருந்த 22 பேரைத் தனியாகப் பார்த்தபோது, 2006ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி அவர்களில் ஒருவருக்குக்கூட நோய் திரும்பவில்லை, ஒருவரும் இறக்கவில்லை. ஈரானில் டெஹ்ரான் குழுவும் ஏறக்குறைய இதே காலத்தில் இதே பாதையில் நடந்தது.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். வேலூர் ஆய்வில் ஒப்பிடுவதற்கு இரண்டாவது பிரிவு இல்லை. எல்லோருக்கும் ஆர்செனிக்தான். அதனால் ஆர்செனிக் பலிக்கும், நீடித்துப் பலிக்கும் என்று அது சொல்ல முடிந்தது. கீமோவைவிடச் சிறந்தது என்று சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதற்கு இடையில் ஷாங்காயில் 61 புதிய நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து, ஆட்ரா மட்டும், ஆர்செனிக் மட்டும், இரண்டும் சேர்த்து என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2004இல் வெளிவந்த முடிவில், தணிவுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால், ஒற்றை மருந்து பெற்ற 37 பேரில் 7 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. இரண்டையும் பெற்ற 20 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அந்த இரண்டு மருந்துகளும் கலப்புப் புரதத்தின் வெவ்வேறு பாதிகளைப் பிடித்து அதை அழிக்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆட்ரா ஒரு பக்கம், ஆர்செனிக் மறு பக்கம்.

அப்படியானால் கீமோவே வேண்டாமா? இந்தக் கேள்வியைக் கேட்கத் துணிச்சல் வேண்டும். கீமோ சேர்ந்த சிகிச்சையில் இந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே பிழைத்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக ஓடுகிற ஒன்றை நிறுத்திப் பார்க்கும்போது ஒருவர் இறந்தாலும் அந்தக் கணக்கு ஆய்வாளரின் தலையில்தான் விழும். ரோமின் ஃபிரான்செஸ்கோ லோ-கோகோ தலைமையில் இத்தாலி, ஜெர்மனி மருத்துவக் குழுக்கள் அதைச் செய்தன. வெள்ளை அணுக்கள் 10,000ஐத் தாண்டாத நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஆட்ராவும் ஆர்செனிக்கும். மறு பிரிவுக்கு ஆட்ராவும் கீமோவும். புதிய முறை பழையதைவிட மோசம் இல்லை என்று காட்டினாலே போதும் என்பதுதான் ஆய்வின் இலக்கு. மோசம் இல்லை என்பதே பெரிய வெற்றிதான். ஏனென்றால் கீமோவின் வாய்ப்புண்ணும் தொற்றும் இதயச் சேதமும் பிற்காலத்தில் வரக்கூடிய இரண்டாவது புற்றுநோயும் அப்போது தவிர்க்கப்படும்.

2013 ஜூலையில் வெளியான முடிவு இலக்கைத் தாண்டியிருந்தது. ஆர்செனிக் பிரிவில் 77 பேரில் 77 பேரும் தணிவுக்கு வந்தார்கள். கீமோ பிரிவில் 79 பேரில் 75 பேர். இரண்டாண்டு முடிவில் நோய் திரும்பாமலும் வேறு கேடு நேராமலும் இருந்தவர்கள் ஆர்செனிக் பிரிவில் 97 சதவீதம், கீமோ பிரிவில் 86 சதவீதம். உயிருடன் இருந்தவர்கள் 99 சதவீதம், 91 சதவீதம். ஹில்லெஸ்டாட் எழுதிய அந்த நோயில், கீமோதெரபி இல்லாமலேயே, நூற்றில் 99 பேர். அந்த அட்டவணையைத் தம்பியின் கட்டிலுக்கு அருகே உட்கார்ந்து கைபேசியில் படித்தபோது, எந்தச் சாமிக்கும் வேண்டிக்கொள்ளாத எனக்கு, அந்த 156 பேரையும் ஒரு முறையாவது கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று தோன்றியது. குறிப்பாகக் கீமோ பிரிவில் விழுந்தவர்களை. எந்தப் பிரிவில் விழுவோம் என்று தெரியாமல் கையெழுத்திட்டவர்கள் அவர்கள். அவர்களோடு ஒப்பிட்டதால்தான் ஆர்செனிக் நல்லது என்று தெரிந்தது. தம்பிக்குக் கீமோ தேவைப்படவில்லை. லோ-கோகோ 2019இல் காலமானார்.

ஆர்செனிக் ஏறும் நாள்கள் எப்படி இருக்கும் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் கட்டுரைகளில் அது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. காலையில் முதலில் ஈசிஜி எடுப்பார்கள். ஆர்செனிக் இதயத் துடிப்பின் ஓர் இடைவெளியை நீட்டிவிடும். அது அளவைத் தாண்டினால் அன்றைக்கு மருந்து இல்லை. பிறகு பொட்டாசியம், மெக்னீசியம். குறைந்திருந்தால் முதலில் அதை ஏற்றி நிரப்ப வேண்டும். அதன் பிறகுதான் அந்தச் சிறிய மருந்துக்குப்பியிலிருந்து திரவத்தை எடுத்துச் சலைன் பாட்டிலில் கலந்து மாட்டுவார்கள். தண்ணீரைப் போன்ற நிறம். இரண்டு மணி நேரம் இறங்கும். தினமும் எடை பார்ப்பார்கள்; எடை திடீரென்று ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ யாரும் ஒரு நிமிடமும் காத்திருப்பதில்லை. புற்றணுக்கள் கூட்டமாக முதிரும்போது உடல் கொந்தளிக்கும் ஆபத்து அது. சந்தேகம் வந்த உடனேயே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். தம்பிக்கு இரண்டாவது வாரத்தில் ஒரு மாலை மூச்சு வாங்கத் தொடங்கியது. பணியில் இருந்த செவிலியர், “அக்கா, நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்க,” என்று சொல்லிக்கொண்டே ஊசியை எடுத்துவிட்டார். எடையில் இரண்டு கிலோ ஏறியிருந்ததைக் காலையிலேயே குறித்து வைத்து, அவர் அதை எதிர்பார்த்திருந்தார். அந்த எச்சரிக்கையும் முந்தைய ஆய்வுகளில் இறந்தவர்களைப் பார்த்துக் கற்றதுதான்.

அப்பாவின் அச்சத்துக்கும் ஓர் ஆய்வு விடை வைத்திருந்தது. ஷாங்காய் குழு 2009இல், 85 நோயாளிகளைச் சராசரியாக ஆறு ஆண்டுகளுக்குப் பக்கமாகத் தொடர்ந்து கவனித்து எழுதியது. சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆனவர்களின் சிறுநீரில் இருந்த ஆர்செனிக், பல நாட்டு அரசுகள் விதித்த பாதுகாப்பு வரம்புக்குக் கீழேயே இருந்தது. இதைச் சொன்னபோது அப்பா உடனே நம்பவில்லை. நம்ப வேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை.

சிகிச்சையின் நடுவே, மஜ்ஜை மாதிரிகளைச் சேமித்து, நோயின் மரபணுச் சுவடு எவ்வளவு விரைவாக மறைகிறது என்று பார்க்கும் ஓர் ஆய்வில் சேர விருப்பமா என்று தம்பியிடம் கேட்டார்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருந்தது, பல பக்கங்கள். அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா டாக்டர், எம்புள்ளைய வச்சா சோதிச்சுப் பாக்கப் போறிய?” என்று கேட்டார். அந்த இளம் மருத்துவர் நின்றுகொண்டு பதில் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அம்மா, உங்க பையனுக்குக் குடுக்குற மருந்து இதுனால மாறாது. மஜ்ஜை எடுக்கிற அன்னிக்கு ரெண்டு மில்லி கூடுதலா எடுப்போம். வேண்டாம்னு சொன்னாலும் நாளைக்கு இதே ட்ரிப் இதே நேரத்துக்குப் போடுவோம்,” என்றார். அம்மா மறுபடியும் கேட்டார்: “இதுனால எம்புள்ளைக்கு ஏதும் நல்லது உண்டா?” மருத்துவர், “இல்லம்மா. அடுத்து வர்றவங்களுக்கு இருக்கலாம்,” என்றார். உண்டு என்று சொல்லியிருந்தால் எளிதாகக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். அந்த “இல்லம்மா”வைக் கேட்ட பிறகுதான் அம்மா தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார். தம்பி கையெழுத்திட்டான்.

அம்மாவின் கேள்வி நியாயமானது. இந்தியாவில் ஏழைகளிடம் விளக்காமல் கையெழுத்து வாங்கிய மருந்துச் சோதனைகள் நடந்திருக்கின்றன. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே விதிகள் இறுகின. 2009இலிருந்து ஒவ்வொரு மருந்து ஆய்வும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, புதிய மருந்து ஆய்வால் ஒருவருக்குக் கேடு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். ஆகவே படிவம் நீட்டப்படும்போது பதிவு எண்ணைக் கேளுங்கள். எந்த மருந்தோடு எந்த மருந்தை ஒப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். அக்யூட் லுக்கேமியாவில் குணமாக்கும் சிகிச்சை ஒன்று இருக்கும்போது, அதை மறுத்துவிட்டு வெற்று மாத்திரையை மட்டும் தருவதை எந்த நெறிமுறைக் குழுவும் ஏற்காது. இன்றைய சிறந்த சிகிச்சையோடுதான் புதியதை ஒப்பிட வேண்டும். சேர மறுத்தால் இப்போது என்ன கிடைக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் மருத்துவரிடம் கையெழுத்திட வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. 99 சதவீதம் என்ற எண்ணில் யார் இருக்கிறார்கள்? குலுக்கலில் பெயர் சேர்ந்தவர்கள். ஏபிஎல் நோயில் இறப்பவர்களில் பலர் பெயர் சேர்க்கும் நாளுக்கு முன்பே மூளையிலோ நுரையீரலிலோ ரத்தம் கசிந்து இறந்துவிடுகிறார்கள். வெள்ளை அணுக்கள் கூடியவர்களை அந்த ஆய்வு சேர்த்துக்கொள்ளவே இல்லை. ஸ்வீடனில், ஆய்வில் சேர்ந்தவர் சேராதவர் என்று பாராமல் நாட்டின் எல்லா ஏபிஎல் நோயாளிகளையும் எண்ணிப் பார்த்தபோது, 105 பேரில் 29 சதவீதம் பேர் முப்பது நாள்களுக்குள் இறந்திருந்தார்கள். அமெரிக்கப் பதிவேடுகளில் அது 17 சதவீதம். பெரும் பணக்கார நாடுகளின் கணக்கு இது. வேலூர் ஆய்விலும் மருந்து பலிக்காமல் போனதைவிட, மருந்து வேலை செய்யத் தொடங்கும் முன்பே உயிர் போனதுதான் இழப்பின் பெரும் பங்கு. ஆகவே இந்த நோயில் இனி பிழைக்க வைக்க வேண்டிய ஆட்கள் முதல் இரண்டு வாரங்களில்தான் இருக்கிறார்கள். புதிய மருந்து அவர்களுக்கு உதவாது. இருக்கிற மருந்து விரைவாகக் கிடைப்பதுதான் உதவும்.

தம்பிக்குப் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை. தொடையில் அடிபடாமலே நீலத் திட்டுகள். முதலில் பார்த்த இடத்தில் வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவதாகப் பார்த்த ஒரு சிறிய ஆய்வகத்தில், இயந்திரம் தந்த எண்களோடு நிற்காமல், கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்த ஒரு முதிய பேத்தாலஜிஸ்ட் இருந்தார். அணுக்களுக்குள் விறகுக்கட்டைப் போலக் குச்சிகள் குவிந்திருப்பதைக் கண்டு, அன்று மாலையே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். அங்கே குரோமோசோம் முடிவு வரும்வரை காத்திருக்காமல், சந்தேகத்தின் பேரிலேயே அன்றிரவு ஆட்ராவைத் தொடங்கினார்கள். தட்டணுக்களும், ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் குறைந்திருந்ததால், அது செறிந்த ரத்தப் பொருளான கிரையோவும் ஏற்றினார்கள். சந்தேகம் வந்த கணமே ஆட்ரா என்பது இன்று எல்லா வழிகாட்டு நெறிகளிலும் இருக்கிறது. தவறாக இருந்தால் மறுநாள் நிறுத்திவிடலாம். சரியாக இருந்தால் அந்த ஒரு இரவு உயிரைக் காக்கும்.

இந்த முதல் நாள்களையே ஆய்வுப் பொருளாக்கியவர்கள் இருக்கிறார்கள். பிரேசில், மெக்சிகோ, சிலி, உருகுவே மருத்துவர்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, ஒரே நெறிமுறையை வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் கலந்துகொண்டு சிகிச்சை அளித்தார்கள். பிரேசிலில் முன்பு 32 சதவீதமாக இருந்த ஆரம்பகால இறப்பு, 2013இல் வெளிவந்த அவர்களுடைய முடிவில் 15 சதவீதமாகக் குறைந்திருந்தது. புதிய மருந்து எதுவும் வந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஆனந்த் ஜில்லெல்லாவின் குழு, ஏபிஎல் நோயாளியை அரிதாகவே காணும் சிறிய மருத்துவமனைகளுக்கு ஒரு சுருக்கமான வழிகாட்டியைக் கொடுத்து, எந்த நேரமும் தொலைபேசியில் பேசக்கூடிய நிபுணர்களையும் கொடுத்து, அதை நாடு தழுவிய ஆய்வாகவே நடத்தியது. ஏறக்குறைய 200 நோயாளிகள். முதல் முப்பது நாள்களில் இறந்தவர்கள் 3.5 சதவீதம்.

இதே ஆய்வை நம் மாவட்டங்களில் நடத்தினால் எண் என்னவாக வரும் என்று அறிய விரும்புகிறேன். அதற்கு வேண்டியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்: ரத்தத் தகட்டைப் பார்க்கத் தெரிந்த ஒருவர், மாவட்டத் தலைநகரில் குளிர்பெட்டியில் சில பாக்கெட் கிரையோ, மருந்தகத்தில் சில நாள்களுக்கு ஆட்ரா, நள்ளிரவில் எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண். தென்காசியிலிருந்தோ திருவாரூரிலிருந்தோ ஈறில் ரத்தத்தோடு வரும் ஒருவர் பெரிய நகரத்துக்கு வண்டி ஏறும் முன்பே முதல் மாத்திரையை விழுங்கியிருக்க முடியுமா என்ற அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஓர் ஒப்புதல் படிவம் வந்தால், எங்கள் அம்மாவே பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு அதை வாசித்துக் காட்டுவார்.